நன்றி டைரியா, நாற்பது பக்க நோட்டா? புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரு மதிப்பீடு

வடசென்னையில் மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் சில நிறுவனங்களில் ஜாயினிங் கிட்டோடு ஒரு 'நன்றி டைரி'யும் வருகிறது. கெட்டி அட்டை, தேதி அச்சிட்ட 365 பக்கம், பக்கத்துக்கு ஒரு பொன்மொழி, கீழே 'இன்று நான் எதற்கெல்லாம் நன்றியுடன் இருக்கிறேன்?' என்று மூன்று கோடு. கடைகளிலும் ஆன்லைனிலும் இதே சரக்கு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று மாதத்தில், மனசு தளர்ந்துபோகும் காலத்தில், இது உதவுமா என்பதுதான் கேள்வி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அச்சிட்ட டைரிக்கு 5-க்கு 2. அதே வேலையை இன்னும் நன்றாகச் செய்யும் 40 பக்க கோடு போட்ட நோட்டுக்கு 4. நோட்டுக்கும் ஏன் ஒன்று குறைகிறது என்றால், எழுதித் தீராத விஷயங்கள் சில உண்டு. அவற்றுக்கான கதவுகள் எங்கே இருக்கின்றன என்பதையும் இதிலேயே பார்த்துவிடலாம்.

நன்றியை எழுதுவது வெறும் உபதேசம் இல்லை, சோதித்துப் பார்க்கப்பட்ட பயிற்சி. 2003-ல் எம்மன்ஸ், மெக்கல்லக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு வாரம் ஒருமுறை, அதிகபட்சம் ஐந்து விஷயம், பத்து வாரம் எழுதியது. இன்னொரு குழு அந்த வாரத்து எரிச்சல்களை எழுதியது. முதல் குழு தன் வாழ்க்கையைப் பற்றியும் வரப்போகும் வாரத்தைப் பற்றியும் கூடுதல் நம்பிக்கையோடு இருந்தது. 2005-ல் உளவியலாளர் செலிக்மன் குழு வேறு மாதிரி செய்தது. ஒரே வாரம், தினமும் இரவு, நல்லதாக நடந்த மூன்று விஷயம், ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்று ஒரு வரி. அதன் பலன் ஆறு மாதம் வரை தெரிந்தது. அப்படி நீடித்தது பெரும்பாலும் தாங்களாகவே தொடர்ந்து எழுதியவர்களிடம்தான்.

பலனின் அளவையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2021-ல் கிரெக், சீவன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 27 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். மனச்சோர்வு, பதற்றம் இரண்டிலும் நன்றிப் பயிற்சியால் குறைவது உண்மை, ஆனால் சிறிய அளவுதான் என்று வந்தது. ஆகவே இதை உடம்பு தேற நடப்பது போன்ற பழக்கமாக எடுத்துக்கொள்ளலாம். காய்ச்சலுக்கு மருந்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நன்றி உணர்வு, வாழ்க்கைக்கு அர்த்தம் இருக்கிறது என்ற நினைப்பு, மனநலம் மூன்றும் சேர்ந்தே ஏறி இறங்குவதைக் கேள்வித்தாள் ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரே தடவை எடுத்த கணக்கை வைத்து எது எதற்குக் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. புதிதாகச் சேர்ந்தவர் விஷயத்தில் வழி ஓரளவு புரிகிறது: யார் உதவினார்கள் என்று கவனித்தால் அவர்களோடு பேச்சு வருகிறது, பேச்சு வந்தால் நாம் செய்வது யாருக்குப் போய்ச் சேருகிறது என்று தெரிகிறது, அது தெரிந்தவருக்குக் காலையில் எழுந்து கிளம்புவது கொஞ்சம் லேசாகிறது.

அச்சிட்ட டைரி தோற்பது இந்த இடத்தில்தான். முதல் குறை தேதி. சி ஷிப்ட் இரவு 10 மணிக்கு ஆரம்பித்து மறுநாள் காலை 6 மணிக்கு முடிகிறது. அதை எந்தத் தேதியில் எழுதுவது? நேற்றைய பக்கத்திலா, இன்றைய பக்கத்திலா? ஷிப்ட் மாறும் வாரத்தில் இரண்டு பக்கம் காலியாகிவிடும். காலிப் பக்கம் கண்ணில் பட்டதும் 'இதையும் விட்டுட்டேன்' என்ற குற்ற உணர்ச்சி வரும், மூன்றாம் வாரத்தோடு டைரி அலமாரிக்குப் போய்விடும். கணக்காகவே பாருங்கள். முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை என்று 12 வாரம் எழுதினால் மொத்தம் 18 பக்கம். 365 பக்க டைரியில் 347 பக்கம் காலியாகக் கிடந்து முறைக்கும்.

இரண்டாவது குறை கேள்வி. 'நான் எதற்கு நன்றியுடன் இருக்கிறேன்' என்று தமிழில் யாரும் யோசிப்பதில்லை. அந்தக் கேள்விக்கு வரும் பதிலும் அப்படியே இருக்கும்: அம்மா, ஆரோக்கியம், வேலை. மறுநாளும் அம்மா, ஆரோக்கியம், வேலை. ஐந்தாம் நாள் கை எழுதும், மனசு அங்கே இருக்காது. நம் பேச்சில் நன்றி என்பது ஒரு ஆளையும் அவர் செய்ததையும் பற்றியது. யார், என்ன செய்தார், அதற்காக அவருக்கு என்ன மெனக்கெடல், செய்யாமல் போயிருந்தால் நமக்கு என்ன ஆகியிருக்கும். இந்த நான்கும் ஒரு பதிவில் இருந்தால் அது உயிருள்ள பதிவு.

ஒரு மாதிரி. கண்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடும் புதிய கிளார்க் எழுதுவது: 'சீல் நம்பரில் ஒரு இலக்கம் மாற்றி அடித்திருந்தேன். சூப்பர்வைசர் அண்ணா தன் சாப்பாட்டு நேரத்தில் வந்து பார்த்துச் சொன்னார். விட்டிருந்தால் டிரெய்லர் ஹார்பர் கேட் வரை போய்த் திரும்பியிருக்கும், டிரைவருக்கு ஒரு நாள் போயிருக்கும்.' மூன்று வாக்கியம். இதில் உதவியவர் இருக்கிறார், அவருடைய மெனக்கெடல் இருக்கிறது, கூடவே கிளார்க்கின் வேலை எதற்கு முக்கியம் என்பதும் தானாக வந்துவிட்டது: ஒரு இலக்கம் ஒரு டிரைவரின் ஒரு நாள். வேலையின் அர்த்தத்தைத் தனியாகத் தேடி எழுத வேண்டியதில்லை, உதவியைத் துல்லியமாக எழுதினாலே அதுவும் பாதி வந்துவிடும்.

மீதிப் பாதிக்கு நோட்டின் இடது பக்கத்தில் வாரம் ஒரு வரி போதும்: 'இந்த வாரம் என் கை பட்டது யாரிடம் போய்ச் சேர்ந்தது?' ரயில் பெட்டி செய்யும் பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் (ஐ.சி.எஃப்.) அப்ரெண்டிசாக இருப்பவருக்கு அந்தப் பதில் சுலபம், பெட்டியில் ஏறும் பயணியை நினைத்தாலே போதும். மணலியில் லேபில் சாம்பிள் பாட்டில் கழுவுபவருக்குச் சுலபமில்லை. அவர் ஒருமுறை சீனியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: பாட்டில் அடியில் கறை நின்றால் ரீடிங் எவ்வளவு தப்பும், அந்த ரீடிங்கைப் பார்த்து யார் என்ன முடிவு எடுப்பார். இதைச் சொல்லித்தரும் இண்டக்‌ஷன் பயிற்சி மிக அரிது. ஒரு மணி நேரப் பொன்மொழி ஸ்லைடுகளுக்குப் பதில் இதைச் சொன்னால் எவ்வளவோ மேல்.

எழுதும் முறை இது. முதல் ஏழு நாள், தூங்கப் போகும் முன், மூன்று பதிவு. சி ஷிப்ட்காரருக்குத் தூங்கப் போவது காலை எட்டு மணி என்றால் அப்போது. தேதிக்குப் பதில் 'சி ஷிப்ட், 3-ஆம் நாள்' என்று தலைப்பு போட்டால் குழப்பமில்லை. எட்டாம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, வார விடுப்பு நாளில், ஐந்து வரிக்கு மிகாமல். தினமும் எழுதினால் கூடுதல் பலன் என்று தோன்றும், அனுபவத்தில் அலுப்புதான் சீக்கிரம் வரும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர் வரிசைக்குள் பஸ் மாட்டிக்கொண்டிருக்கும்போது எழுத வேண்டாம், அந்த நேரத்து எரிச்சல்தான் எழுத்தில் இறங்கும். குளித்துச் சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் போதும். போனில் எழுதலாமா என்றால் எழுதலாம், ஆனால் எழுதி முடிப்பதற்குள் நான்கு நோட்டிபிகேஷன் வரும். காகிதமே மேல்.

மூன்றாம் வாரத்துக்குள் ஒரு பதிவையாவது நோட்டிலிருந்து வெளியே எடுத்து உரியவரிடமே சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன 2005 ஆய்விலேயே நன்றிக் கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களுக்குத்தான் உடனடிப் பலன் மிக அதிகம், ஒரு மாதம் வரை நின்றது. ஷாப் ஃப்ளோரில் போய்க் கடிதம் வாசிக்க முடியாது. 'மிக்க நன்றி' என்றாலும் அந்நியமாக ஒலிக்கும், கேட்பவர் கூச்சப்பட்டு நகர்ந்துவிடுவார். நம் ஊரில் நன்றி வேறு உருவத்தில் வரும்: 'நல்லவேளை நீங்க பாத்தீங்கண்ணா, இல்லன்னா பேட்ச் முழுக்க போயிருக்கும்.' அவ்வளவுதான். டீக்கடையில் நிற்கும்போது சொன்னால் போதும்.

இனி, இந்த வகை டைரிகள் எதுவும் தொடாத, ஆனால் வடசென்னையில் மிக முக்கியமான விஷயம். நம் மொழியில் நன்றிக்குப் பக்கத்திலேயே கடன் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நன்றிக்கடன் என்று ஒரே சொல்லாக. இங்கே பலருக்கு முதல் வேலை கிடைப்பது ஏரியா அண்ணன் ஒருவர் காண்ட்ராக்டரிடம் சொல்லிவைத்து. சேர்ந்த பிறகு ஓவர்டைம் காசு வரவில்லை, கையுறை தரவில்லை, சம்பளத்தில் எதற்கென்று தெரியாமல் பிடிக்கிறார்கள். கேட்கலாமா என்றால், 'சேத்து விட்டவர் பேரு கெடும்', 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று வீட்டிலேயே வாயை அடைத்துவிடுவார்கள். இந்த நிலையில் ஒருவர் கையில் நன்றி டைரியைக் கொடுத்தால் அது மூச்சு முட்டவைக்கும். சேர்த்து விட்ட அண்ணாவுக்கு நன்றி இருக்கலாம், உண்மையாகவே இருக்கலாம். அது காண்ட்ராக்டர் தர வேண்டிய கூலியைத் தள்ளுபடி செய்யாது. இரண்டும் வெவ்வேறு பக்கத்தில் எழுத வேண்டியவை.

அதனால்தான் நோட்டைப் பின்பக்கமிருந்தும் திறக்கச் சொல்கிறோம். முன்பக்கம் உதவி. பின்பக்கத்திலிருந்து 'சரி செய்ய வேண்டியது': தேதி, என்ன நடந்தது, யார் இருந்தார்கள், யாரிடம் சொன்னேன். பாதுகாப்பு சம்பந்தப்பட்டது எதுவும் நன்றிப் பக்கத்தில் ஒளியக் கூடாது. 2023 டிசம்பரில் எண்ணூரில் அமோனியா கசிந்த இரவில் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடிய மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாடை வந்தால், வால்வு ஒழுகினால், அது சேஃப்டி ஆபீசருக்கும், விபத்தாகாமல் தப்பியதைப் பதியும் நியர் மிஸ் ரெஜிஸ்டருக்கும் அன்றே போக வேண்டும். பாலியல் தொல்லை என்றால் 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும், அங்கே எழுத்தில் கொடுக்க வேண்டும். பின்பக்கக் குறிப்பில் தேதி இருந்தால் அந்தப் புகாருக்கு வலு சேரும்.

இன்னொரு தவறு, கீழே பார்த்து ஆறுதல் தேடுவது. 'வேலையே இல்லாம எத்தனை பேர் இருக்கான், நமக்கு இதாவது கிடைச்சுதே.' இது நன்றி மாதிரி தெரியும். எழுதிப் பார்த்தால் அதில் உதவியவர் யாருமே இல்லை, பயம்தான் இருக்கும். இந்த வாக்கியம் நோட்டில் அடிக்கடி வருகிறதென்றால் அதை ஒரு அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹெச்.ஆர். டைரியை வாங்கிப் பார்த்து டிக் போடும் வழக்கம் இருக்கும் இடத்தில் டைரிக்கு 5-க்கு 0. மேலாளர் படிப்பார் என்று தெரிந்ததும் எல்லாப் பதிவும் மேலாளருக்கு எழுதும் பதிவாகிவிடும்.

முன்னேற்றம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி அளவுகோல் இதற்குப் போதும், டபிள்யூஹெச்ஓ-5 என்பார்கள். கடந்த இரண்டு வாரத்தில் உற்சாகமாக, அமைதியாக, சுறுசுறுப்பாக இருந்தேனா, தூங்கி எழுந்தபோது தெளிவாக இருந்தேனா, அன்றாடம் மனதுக்குப் பிடித்த விஷயங்கள் இருந்தனவா என்று ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. கூட்டினால் அதிகபட்சம் 25, நான்கால் பெருக்கினால் 100. பெருக்கிய கணக்கில் 10 புள்ளி ஏறினாலோ இறங்கினாலோ அது அர்த்தமுள்ள மாற்றம். கூட்டல் 13-க்குக் கீழே வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

ஷிப்ட்காரர் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சி ஷிப்ட் வாரத்தில் தூக்கக் கேள்வி தானாகச் சரியும், மற்றவையும் கூடவே கொஞ்சம் சரியும். ஒருமுறை காலை நேர ஏ ஷிப்டிலும் அடுத்தமுறை சி ஷிப்டிலும் எடுத்தால் மனசு கெட்டுவிட்டது என்று தவறாகத் தோன்றும். ஷிப்ட் மூன்று வாரச் சுற்று என்றால் 0, 3, 6, 9, 12-ஆம் வாரங்களில், ஒரே ஷிப்டின் கடைசி நாளில் எடுங்கள்.

'வாழ்க்கையில் அர்த்தம்' என்பதற்கும் ஒரு அளவுகோல் உண்டு. 2006-ல் உளவியலாளர் ஸ்டெகர் குழு வெளியிட்ட பத்து வாக்கியம். ஐந்து 'அர்த்தம் இருக்கிறது' என்பதைப் பார்க்கும், ஐந்து 'தேடிக்கொண்டிருக்கிறேன்' என்பதைப் பார்க்கும். இரண்டையும் தனித்தனியாகக் கூட்ட வேண்டும். இருபத்திரண்டு வயதில் முதல் வேலையில் இருப்பவருக்குத் தேடல் எண் உயர்ந்திருப்பது நோய் இல்லை. தேடலும் உயர்ந்து, 'அர்த்தம் இருக்கிறது' என்பதன் கூட்டலும் மாதத்துக்கு மாதம் இறங்கினால்தான் யாரிடமாவது பேச வேண்டும்.

யாரிடம் பேசுவது? நோட்டு நிற்கும் இடம் இதுதான். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ கெட்டிருந்தால், பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை என்றால், பன்ச் போட்ட பிறகும் உள்ளே போகக் கால் வரவில்லை என்றால், எழுதிக்கொண்டே காத்திருக்கக் கூடாது. சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது, அன்றே பேச வேண்டும்.

14416, டெலி மானஸ். 2022 அக்டோபர் 10 முதல் நடக்கும் அரசு சேவை. இலவசம், 24 மணி நேரம், தமிழில் பேசலாம். சி ஷிப்ட் முடித்து வருபவருக்கு இதைவிட ஏற்ற வசதி வேறில்லை, மற்ற பல கதவுகள் பகலில்தான் திறக்கும். எடுப்பவர் ஆலோசகர், தேவை என்றால் மனநல மருத்துவருக்கு மாற்றுவார், பக்கத்து மருத்துவமனைக்கு வழி சொல்வார். பலர் முதல் நிமிடத்தில் 'ஒண்ணும் இல்ல, சும்மாதான்' என்று வைத்துவிடுகிறார்கள். அதைத் தவிர்க்க நான்கு வரியை முன்பே எழுதி வைத்துப் படித்துவிடலாம்: வேலைக்குச் சேர்ந்து எத்தனை வாரம், எந்த ஷிப்ட், எத்தனை நாளாக என்ன மாற்றம், சாகும் எண்ணம் உண்டா இல்லையா. ரூமில் நான்கு பேர் இருந்தால் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுங்கள், அவசரமில்லாமல் பேச முடியும். சேவைக்கு 5-க்கு 4. தொலைபேசி ஆலோசனை நேரில் பார்க்கும் தொடர் சிகிச்சைக்கு ஈடாகாது, அதற்காகத்தான் அந்த ஒன்று குறைகிறது.

தற்கொலை எண்ணத்துக்கென்றே 1986-லிருந்து சென்னையில் இயங்கும் சினேகா என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது, 044-24640050.

நேரில் பார்க்க ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கத்தவர்களுக்குப் பழைய ஜெயில் ரோடு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு கிட்டத்தில் இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட வேண்டும். ஏ ஷிப்ட்காரர் வார விடுப்பை வேலை நாளில் மாற்றி வாங்கிக்கொண்டு போவது நல்லது. 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை அயனாவரம் மேடவாக்கம் டேங்க் ரோட்டில் உள்ளது. 'கீழ்ப்பாக்கம்' என்று கேலி பேசிப் பேசியே அந்தப் பெயரைச் சொல்லக்கூட நம் பிள்ளைகளைக் கூச வைத்துவிட்டோம். அங்கே போகத் தயங்குபவர் ஸ்டான்லியில் மற்ற நோயாளிகளோடு ஒருவராக வரிசையில் நிற்கலாம், தவறே இல்லை. 2017 மனநலச் சட்டப்படி சிகிச்சை விவரத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் கம்பெனிக்குச் சொல்ல மருத்துவமனைக்கு உரிமை இல்லை.

சம்பளம் மாதம் 21,000 ரூபாய் வரை என்றால், காண்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும், இஎஸ்ஐ (தொழிலாளருக்கான அரசுக் காப்பீடு) உண்டா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். உங்கள் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25. சேர்ந்த முதல் நாளிலிருந்தே மருத்துவம் கிடைக்கும், அயனாவரம் இஎஸ்ஐ மருத்துவமனை இந்தப் பக்கத்தவர்களுக்குத் தோது. ஆனால் நோய் விடுப்புக்கான பணம், அதாவது கூலியில் 70 சதவீதம், புதிதாகச் சேர்ந்தவருக்குச் சுமார் ஒன்பது மாதம் கழித்துத்தான் பொருந்தும். இது தெரியாமல் இரண்டாம் மாதத்தில் நீண்ட விடுப்பு போட்டுவிட்டுக் கையில் காசில்லாமல் தவிப்பவர்கள் உண்டு. மருந்து முதல் நாளிலிருந்து, பணம் பிறகு என்று நினைவில் வையுங்கள்.

கடைசியாக, கிட்டில் வைக்கத்தான் போகிறோம் என்று இருக்கும் நிறுவனங்களுக்கு. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கொடுத்து நீங்களே அடித்துக்கொள்ளலாம். 48 பக்கம், நடுவில் பின், சட்டைப் பையில் அடங்கும் அளவு, பால்பாயின்ட் மை மறுபக்கம் ஊறாத தாள். தேதி வேண்டாம், பொன்மொழி வேண்டாம், அட்டையில் லோகோ வேண்டாம். வலது பக்கம் மேலே சின்ன எழுத்தில் 'யார், என்ன செய்தார், அவருக்கு என்ன மெனக்கெடல், இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும்' என்று ஒரு வரி. இடது பக்கம் 'யாரிடம் போய்ச் சேர்ந்தது'. பின்னாலிருந்து பத்துப் பக்கம் 'சரி செய்ய வேண்டியது'. உள்ளட்டையில் 14416, சினேகா எண், உங்கள் சேஃப்டி ஆபீசர் எண், உள்ளகக் குழுத் தலைவர் எண். கொடுக்கும்போது 'இதை யாரும் கேட்டு வாங்க மாட்டோம்' என்று வாயால் சொல்லிக் கொடுங்கள்.